இரண்டாவது ஓட்டு

நாட்டின் தலைசிறந்த வரலாற்றுச் சின்னங்கள் பத்தை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தபோது எனக்கு அதில் பெரிய அக்கறை ஒன்றும் இல்லை. கையுறைத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சுங்கைப் பட்டாணியில் தாமான் எனப்படும் குடியிருப்பு ஒன்றில் தனியாக இருப்பவள் நான். மகன் சிங்கப்பூரில். என் வீட்டில் எதற்கும் ஓட்டெடுப்பு தேவைப்பட்டதில்லை. இன்றைக்கு என்ன குழம்பு என்பதிலிருந்து டிவியில் எந்த நாடகம் என்பதுவரை எல்லாம் ஏகமனதாக நிறைவேறிவிடும்.

ஆனால் கோயிலில் விஷயம் சூடு பிடித்துவிட்டது. பட்டியலில், கடாரம் என்று பழைய பெயர் கொண்ட எங்கள் மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கிலுள்ள பழைய கற்கோயிலும் இருந்தது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் தலைவர் மைக்கைப் பிடித்தார். "கடாரம் நம்ம கடாரம். பத்துக்குள்ள வந்துட்டா பஸ் எடுத்து எல்லாரும் போறோம். சோறு கட்டிக்கிட்டுப் போயி அங்கேயே ஒக்காந்து சாப்புடுறோம்" என்றார். சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

அந்தப் பூஜாங் கோயில் என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம்தான். வாடகைக் காரில் என்றைக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். தனியாகப் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு, பார்த்ததைச் சொல்ல ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பி வர எனக்கு மனம் வந்ததில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு வேண்டியிருந்தது கோயில் அல்ல, அந்த பஸ். ஆள் மேல் ஆள் இடித்துக்கொண்டு, யார் மடியில் யார் பை இருக்கிறது என்று தெரியாமல் போகும் ஒரு பயணம். அப்படிப் போய் எத்தனையோ வருடமாகிறது.

ஓட்டெல்லாம் கைப்பேசியில்தான். தடுமாறுகிறவர்களுக்கு உதவ மண்டபத்தில் ஒரு மேசை போட்டு என்னையும் உட்கார வைத்தார்கள். ஒரே ஒரு சிக்கல். ஒவ்வொருவரும் இரண்டு சின்னங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; ஒன்றை மட்டும் தொட்டால் ஓட்டு போகாது. இரண்டாவது ஓட்டைக் கோட்டைக்கோ மணிக்கூண்டுக்கோ போட்டால் அது நம்மை முந்திவிடுமே என்று தலைவருக்குப் பயம். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஜித்ராவுக்கு அப்பால் வயல் நடுவே நிற்கும் பழைய நெல் ஆலைப் புகைபோக்கி ஒன்று பட்டியலின் அடியில் கிடந்தது.

"அது எப்படியும் வராது. எல்லாரும் ரெண்டாவத அதுக்கே போட்டுடுங்க லா" என்றார்.

என்ன மூளை என்று வியந்து தலையாட்டினோம். அந்த யோசனை வாட்சாப்பில் கூலிம், அலோர் ஸ்டார் கோயில்களுக்கும் பறந்தது.

அந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். "அக்கா, என் போன்ல வரமாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்று வீட்டுக்கே வந்து கதவைத் தட்டினார்கள். வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள், மருமகளைத் திட்டினார்கள், போக மனமில்லாமல் போனார்கள். என் வீட்டில் கோப்பைகள் போதாமல் போனது அப்போதுதான். பெரிய அண்டாவை யாரிடம் கேட்பது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன்.

முடிவு வந்தது. பத்தாவது இடத்தில் புகைபோக்கி. பூஜாங் கோயில் பதினொன்று.

எங்கள் ஓட்டு இரண்டுக்கும் ஒரே அளவில் போயிருந்தது. பூஜாங்குக்கு எங்களைத் தவிர வேறு யாரும் போட்டதாகத் தெரியவில்லை. புகைபோக்கிக்கு அதன் ஊர்க்காரர்கள் போட்டதும் சேர்ந்துகொள்ள, அது ஒரு படி மேலே ஏறிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. இத்தனை நாளில் யாருக்கும் இது உறைக்கவில்லை, எனக்கும்தான்.

மேசையை மடக்கிக்கொண்டிருந்தவர்களிடம் பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். "ஜெயிக்கலையே அக்கா, அப்புறம் எதுக்கு பஸ்ஸு?" என்றார் தலைவர். நியாயமான கேள்வி. ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுதேன். அதன் பிறகு கதவை யாரும் தட்டவில்லை.

ஒரு சனிக்கிழமை, கோபமோ பிடிவாதமோ தெரியவில்லை, புளிச்சோறு கிளறிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பூஜாங்குக்கு அல்ல, ஜித்ராவுக்கு. எங்கள் சோற்றில் மண்ணள்ளிப் போட்ட அந்தப் புகைபோக்கி எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. பக்கத்து இருக்கையில் என் பை உட்கார்ந்து வந்தது.

வயல் நடுவே செங்கல் புகைபோக்கி. உச்சியில் ஒரு செடி முளைத்திருந்தது. அதன் அடியில் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றில்கூட ஆளில்லை. பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, பெரியவர் ஒருவர் என்னைக் கண்டதும் வேகமாக வந்தார்.

"எங்கள் கம்பத்தில் இருப்பதே கொஞ்சம் பேர்" என்றார் மலாயில். "இவ்வளவு ஓட்டு எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கே தெரியவில்லை. இத்தனை பேருக்கு இது பிடித்திருக்கிறதே, பார்க்க வருவார்கள் என்று நாற்காலி வாடகைக்கு எடுத்தோம். நீங்களும் போட்டீர்களா?"

போட்டேன் என்றேன். அது பொய் இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மற்றவர்கள்?"

நிச்சயம் தோற்கும் என்று நம்பித்தான் போட்டோம் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கொஞ்சம் தூரம், அதனால்தான் என்றேன்.

அவர் காப்பி கொண்டுவந்தார். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். நாலைந்து பேர் சாப்பிடும் அளவுக்குக் கட்டியிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்று அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மதியத்துக்குமேல் வானம் கறுத்தது. நாற்காலிகளை இன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் அடுக்கத் தொடங்கினார். நானும் கை கொடுத்தேன்.

"உங்கள் ஆட்கள் பஸ் எடுத்து வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மறுபடியும் போட்டு வைக்கிறேன்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த நாற்காலியை எடுத்து மேலே வைத்தேன்.