வெர்ல் டோல்மனின் அரிசோனா நேரம்

அரிசோனா மாநிலத்து மெசா நகரில் எங்கள் தெருவழியாக நடந்து போகிறவர்கள், வெர்ல் டோல்மன் வீட்டருகே வந்ததும் தங்கள் கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். அவர் ஒன்றும் சொல்லிவிடமாட்டார். முன்வாசலில் குழாயைப் பிடித்துக்கொண்டு கள்ளிச்செடிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். நம் நடையின் வேகத்தை ஒரு கணம் அளப்பார். போகிற இடத்துக்கு நாம் தாமதமாகத்தான் போய்ச் சேருவோம் என்ற தீர்ப்பு அவர் முகத்திலேயே வந்துவிடும். மேல்முறையீடு கிடையாது.

வேலைக்காலம் முழுவதும் பள்ளிப் பேருந்துகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவர். எந்த முனையில் எந்தப் பேருந்து எப்போது நிற்கும், எப்போது கதவை மூடும் என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். ஓடிவருகிற பிள்ளைக்காக ஓட்டுநர் ஒருவர் கதவைத் திறந்துவிட்டால், அன்று சாயங்காலம் அந்த ஓட்டுநருக்கு ஒரு சொற்பொழிவு காத்திருக்கும். எங்கள் ஊரில் ஒரு தலைமுறையே பேருந்தின் பின்பக்கத்தைப் பார்த்து வளர்ந்தது. ஒழுக்கமாக வளர்ந்தது என்று வெர்ல் சொல்வார்.

அவருடைய பக்தியெல்லாம் அரிசோனா நேரத்தின் மேல். நாட்டில் மற்றவர்கள் மார்ச் மாதம் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பரில் பின்னே இழுப்பார்கள். சாயங்காலத்தில் இன்னும் கொஞ்சம் வெயில் கிடைக்குமாம். கூடுதல் வெயில் வேண்டும் என்று மெசாவில் இதுவரை எவரும் மனுப் போட்டதில்லை. அதனால் நாங்கள் கடிகாரத்தில் கை வைப்பதில்லை. வெர்லுக்கு இது நிர்வாக வசதி மட்டுமில்லை, மானப் பிரச்சினை. வடக்கே நவஹோ மக்களின் நிலத்தில் நேரத்தை மாற்றுவார்கள். அதன் நடுவிலேயே இருக்கும் ஹோப்பி மக்களின் நிலத்தில் மாற்றமாட்டார்கள். அந்தச் சாலையில் போகும்போது கைபேசி ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தவளைபோலக் குதிக்கும். தன் கைபேசி அப்படிக் குதித்ததை ஒருமுறை பார்த்துவிட்டு, அதை எங்கள் தலைநகர் ஃபீனிக்ஸின் நேரத்திலேயே ஆணியடித்து வைத்தார். நேரம் என்பது மனிதன் போகிற இடமெல்லாம் மாறக்கூடாது, கைபேசிக்கும் ஒரு குணம் வேண்டும் என்றார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கர்டிஸ் என்று ஒரு மகன். ஏழு வருடமாக அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஒரு குடும்பச் சுற்றுலாதான். கிராண்ட் கேன்யனுக்குப் போயிருந்தார்கள். கர்டிஸுக்குக் கல்யாணமாகிச் சில மாதம் ஆகியிருந்தது. சூரிய உதயம் பார்க்கக் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு மகனும் மருமகளும் விடுதி அறையிலிருந்து இறங்கி வரவில்லை. வெர்ல் சரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்தார். அவர் வாழ்க்கையிலேயே அதிகமான பொறுமை அதுதான் என்பதை வரலாறு பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு வண்டியைக் கிளப்பிவிட்டார். பக்கத்தில் இருந்த மனைவி மார்வா திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பேருந்து யாருக்காகவும் நிற்காது என்று பதில் வந்தது. உதயத்தை இருவருமாகப் பார்த்தார்கள். அறைக்குள் மருமகள் குளியலறைத் தரையில் உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள் என்பதும், அது எந்த வகை வாந்தி என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. மகனும் மருமகளும் யாரோ ஒரு புண்ணியவானின் வண்டியில் ஃபிளாக்ஸ்டாஃப் வரை போய், அங்கிருந்து கொலராடோவுக்குத் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிறந்த குழந்தைக்கு ஐவி என்று பெயர் வைத்ததை மார்வா தொலைபேசியில்தான் கேட்டாள். ஐவிக்கு ஆறு வயதாகிறது. தாத்தா அவளைப் பார்த்ததில்லை.

மார்வா ஏழு வருடமாக மகனிடம் தூது போனாள். உலக நாடுகள் இவ்வளவு பொறுமையாகப் பேச்சுவார்த்தை நடத்தியிருந்தால் பாதிப் போர்கள் நடந்திருக்காது. கடைசியில் கர்டிஸ் ஏப்ரலில் ஒரு நாள் வருவதாக ஒப்புக்கொண்டான். அப்பா வீட்டிலும் வேண்டாம், தன் வீட்டிலும் வேண்டாம், நடுவில் எங்காவது என்றான். நடுவில் இருப்பது யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊர். அங்கே சிவப்புக் கல் வளைவுகள் நிற்கும் தேசியப் பூங்கா. மாலை வரைக்கும் இருப்போம், குழந்தை தாத்தாவைப் பார்க்கட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்றானாம். அந்த 'அப்புறம்' என்ற ஒரு சொல்லை மார்வா எங்கள் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள்.

பாலைவனப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போவது முன்பெல்லாம் சுலபம். தண்ணீரையும் ரொட்டியையும் வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடலாம். இப்போது ஆளில்லாத இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டு எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய்விடுவதால், கூட்டத்தைச் சமாளிக்க மணிக்கணக்கில் அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். நமக்கு விதித்த ஒரு மணி நேரத்துக்குள் வாசலைத் தாண்ட வேண்டும். தவறினால் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல்தான். ஏப்ரல் மாதச் சீட்டை ஜனவரி ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் வெர்லுக்குக் கண் கலங்கியது என்று மார்வா சொன்னாள். ஒரு நாட்டுக்கே கடைசியில் புத்தி வந்துவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

ஜனவரி குளிரில் உட்கார்ந்து இரண்டு வண்டிக்கும் சீட்டுப் பிடித்தார். காலை ஒன்பது முதல் பத்து வரை. மகனுக்கு மார்வா மூலம் சொல்லி அனுப்பினார்: பூங்காவுக்குத் திரும்புகிற இடத்தில் ஒன்பது மணிக்கு நில், சேர்ந்து உள்ளே போவோம். பிறகு எங்கே எரிபொருள், எங்கே தூக்கம், எந்த ஊரிலிருந்து எப்போது புறப்பாடு என்று முழுத் திட்டமும் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. நாள் நெருங்கும்போது திட்டத்தைத் தொடுகிறவன் அரைகுறை என்பது அவர் கொள்கை.

ஜனவரியில் எங்கள் கடிகாரமும் யூட்டாக் கடிகாரமும் ஒரே மணியைத்தான் காட்டும். மார்ச்சில் அவர்கள் முன்னே தள்ளிக்கொண்டு போவார்கள், நாங்கள் நின்ற இடத்திலேயே நிற்போம். இது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வெர்லுக்கும் தெரியும். ஒவ்வொரு மார்ச்சிலும் யூட்டாக்காரர்களைக் கேலி செய்வதே அவர்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டு வேலியருகே வந்து ஒரு விஷயம் சொன்னார். "இந்தத் தடவை அவன் லேட்டா வந்தாலும் நான் நிக்கப் போறேன். ஒரு மணி நேரமானாலும் நிப்பேன். மார்வாகிட்ட சொல்லாத, அப்புறம் எல்லாத்துக்கும் நிக்கச் சொல்லுவா." கேட்ட எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. மலை நகர்ந்தால் இப்படித்தான் இருக்கும்.

வழியில் நவஹோ நிலத்தில் மார்வாவின் கைபேசி ஒரு மணி நேரம் குதித்தது. அவள் காட்டினாள். அந்தப் பொய்க்காரியைக் கொண்டுபோய் டிக்கியில் போடு என்றார் வெர்ல். நாற்பது வருட இல்லறத்தில் எதற்கு வாதாடலாம், எதற்குக் கூடாது என்பதை மார்வா தெரிந்து வைத்திருந்தாள். கைபேசி பெட்டிகளோடு டிக்கிக்குப் போனது.

இரவு யூட்டாவுக்குள் மான்டிசெல்லோ ஊரில் தங்கினார்கள். காலையில் பலகாரம் சாப்பிட இறங்கினால், மேசைகளைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள். இன்னும் அரை மணி நேரம் இருக்கிறதே, சொன்ன நேரம் வரை வைத்திருக்க வேண்டாமா என்று வெர்ல் அங்கிருந்த பெண்ணுக்குப் பொது வாழ்வில் நேரம் தவறாமையைப் பற்றி ஒரு சிறு வகுப்பு எடுத்தார். அவள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாளாம். அதற்கும் பேட்டரி மாற்றச் சொன்னார். வயிற்றுப் பசியோடும் வெற்றிக் களிப்போடும் கிளம்பினார்கள்.

திருப்பத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வெர்லின் கைபேசியில் ஒன்பது ஆகச் சில நிமிடம் இருந்தது. கர்டிஸின் நீல வண்டியைக் காணோம்.

"பாத்தியா? மாறவே இல்ல" என்றார். ஆனால் குரலில் கோபம் இல்லை என்று மார்வா சொன்னாள். மகன் தாமதமாக வருவதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்ததாம். தான் மாறிவிட்டதைக் காட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்த மாதிரி. சாலையோரம் நிறுத்தி, கதவைத் திறந்துபோட்டு, காலை வெளியே தொங்கவிட்டபடி காத்திருந்தார். வரிசையாகக் குடும்பங்கள் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தன. கூரைமேல் சைக்கிள்கள், ஜன்னலில் பிள்ளைகளின் கால்கள். கால் மணி போனது, அரை மணி போனது. வெர்ல் டோல்மன் நின்றார். அவரால் பேருந்தைத் தவறவிட்ட பிள்ளைகளெல்லாம் அன்று வந்து பார்த்திருக்க வேண்டும்.

சீட்டின் நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, அவன் நேராக உள்ளே போயிருப்பானோ என்று மார்வா கேட்டாள். வண்டியை வாசலுக்குக் கொண்டுபோனார்கள். கூண்டில் ஒரு பெண் அதிகாரி, தலையில் அகல விளிம்புத் தொப்பி. சீட்டைப் பார்த்தாள்.

"சார், இது ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சு."

இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது என்று வெர்ல் கைபேசியை நீட்டினார். அவள் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். அடுத்து வண்டியின் எண் பலகையைப் பார்த்தாள். அரிசோனா என்றிருந்தது. அப்புறம் அவள் பேசிய விதமே மாறிவிட்டது. நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரல் வந்துவிட்டது.

"நீங்க டோல்மன் குடும்பமா? நீல வண்டியில ஒருத்தர் வந்திருந்தார். சின்னப் பொண்ணு ஒண்ணு கூட. ரெண்டு தடவை இறங்கி வந்து உங்களக் கேட்டார். ஒன்பதே முக்கால் வரைக்கும் நின்னு பாத்தார். இன்னும் கொஞ்சம் நில்லுங்க, கூட்டத்துல மாட்டியிருப்பாங்கன்னு நான்கூடச் சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?" என்றாள் மார்வா.

அதிகாரிக்குச் சொல்ல மனமில்லை. பின்னால் வண்டிகள் நின்றன. "'எங்க அப்பா வாழ்க்கையில லேட்டா வந்ததே இல்ல. வரலைன்னா, வர வேணாம்னு முடிவு பண்ணிட்டார்னு அர்த்தம்'னு சொன்னார்."

வெர்ல் வண்டியைத் திருப்பி ஓரமாக நிறுத்தினார். மார்வா டிக்கியைத் திறந்து கைபேசியை எடுத்தாள். மகனிடமிருந்து நான்கு அழைப்புகள் வந்து போயிருந்தன. திரும்ப அழைத்தாள். கர்டிஸ் கொலராடோ எல்லையைத் தொட்டுவிட்டிருந்தான். அவள் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் வெர்ல் கையை நீட்டிக் கைபேசியை வாங்கிக்கொண்டார்.

"கர்டிஸ், நான்தான். மார்ச்சுல உங்க கடிகாரத்த மாத்தினத மறந்துட்டேன்."

அந்தப் பக்கம் வண்டியை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது.

"நீங்களா மறந்தீங்க?" என்றான் கர்டிஸ். நம்பிக் கேட்டானா, நம்பாமல் கேட்டானா என்று மார்வாவால் சொல்ல முடியவில்லை.

"நாந்தான். அம்மா ஃபோன் சரியாத்தான் காட்டுச்சு. நான் கேக்கல." பிறகு, "திரும்பி வர முடியுமாப்பா? நாங்க இங்கயே நிக்கிறோம்."

"வேணாம்ப்பா. ஐவி அழுது இப்பத்தான் தூங்குறா. வர்ற ஒவ்வொரு வண்டியையும் காட்டி இதுவா தாத்தா, இதுவா தாத்தான்னு கேட்டுட்டே இருந்தா. இன்னொரு தடவை என்னால முடியாது."

அப்படியானால் வேறு எப்போது என்று வெர்ல் கேட்டார். நாளையும் நேரத்தையும் நீயே சொல் என்றார். இந்தச் சொற்கள் அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. கேட்டுப் பாராட்ட வேண்டியவன் பாராட்டுகிற நிலையில் இல்லை.

"பாக்கலாம்" என்றான் கர்டிஸ்.

நான்கு மணிக்கு மேல் சீட்டில்லாமல் உள்ளே விட்டார்கள். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றார் வெர்ல். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு கல்லையாவது பார்க்காமல் வரமாட்டேன் என்று மார்வா சொல்லிவிட்டாள். வண்டி நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றினார்கள். வளைவுகளுக்குக் கீழே திருவிழாக் கூட்டம். மார்வா ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டாள். வெர்ல் தனியாக, கையில் ஒன்றுமில்லாமல், ஒரு வளைவின் நிழலில் நின்றார். தனியாக நிற்கிற வயதான ஆளைப் பார்த்தால் கூட்டத்துக்கு ஒன்றுதான் தோன்றும். முதலில் டெக்சஸ்காரக் குடும்பம் ஒன்று வந்து, எங்களை ஒரு படம் எடுத்துத் தருகிறீர்களா என்று கேட்டது. எடுத்தார். அதைப் பார்த்து அடுத்த குடும்பம் வந்தது. அதற்கடுத்தது தாத்தா பாட்டியோடு ஒன்பது பேர். இன்னும் நெருங்கி நில்லுங்கள், குழந்தையை முன்னால் விடுங்கள், எல்லா முகமும் தெரியட்டும் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லிச் சொல்லி எடுத்துக் கொடுத்தாராம். வெளிச்சம் போகும் வரை அந்த வளைவின் கீழ் அவருக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது.