அத்தான் தமிழாக்கிய ஊர்கள்

காலையில் கைபேசியைத் திறந்தால் முதல் செய்தியே எரிச்சலைக் கிளப்புகிறது. ‘நியூசிலாந்தின் ஊர்ப் பெயர்கள் யாவும் தமிழே! தமிழனாக இருந்தால் பகிரவும்.’ மாங்கெரே என்பது மாங்காய் ஏரியாம். பாபகூரா என்பது பாப்பா கூரையாம். படித்ததும் அத்தானின் குரல்தான் காதில் விழுந்தது. இதெல்லாம் அவருடைய கண்டுபிடிப்பு. எவனோ அவர் பெயரைக்கூடப் போடாமல் அடித்துவிட்டான். அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். கம்ப்யூட்டர் வேலை, மேடை கிடைத்தால் மைக்கை விடமாட்டார். இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கத்தில், ஆக்லாந்துக்கு வந்த புதிதில், பாபகூராவில் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். வேலை மவுண்ட் வெல்லிங்டனில். அப்போது டீசல் ரயில். ஈரக் கோட்டும் புகையும் கலந்த ஒரு வாசனை பெட்டிக்குள் எப்போதும் அடிக்கும். இப்போது மின்சார ரயில், வாசனை என்று ஒன்றும் கிடையாது. அந்த வாசனையை நினைத்தால் மெரே வந்துவிடுவாள்.

மெரே என் அலுவலகத்தில் வேலை பார்த்த மாவோரிப் பெண், இந்த நாட்டின் பூர்வகுடி. என் வயதுதான். பாபகூரா அவள் முன்னோர் வாழ்ந்த மண். ஒருநாள் ரயிலில் அவள் மொழியிலிருந்து ‘ங’வில் தொடங்கும் ஒரு சொல்லைச் சொன்னாள். நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். அசந்துபோனாள். அலுவலகத்தில் எல்லோரும் அதை ‘ந’ என்றுதான் சொல்வார்களாம். நம்மிடம் வேலைவெட்டி இல்லாமல் அரிச்சுவடியில் குந்தியிருக்கும் எழுத்து, எனக்கு ஒரு சிநேகிதியைச் சம்பாதித்துக் கொடுத்தது.

அதன்பிறகு ரயிலில் பெயர்ப் பேச்சுதான். பாபகூரா சிவந்த மண். மனுரேவா காற்றில் மிதக்கும் பட்டம். மவுண்ட் வெல்லிங்டன் மலையின் சொந்தப் பெயர் மவுங்காரெய், காவல் காக்கும் மலை. எங்கேயோ இருந்த ஒரு பிரபுவின் பெயரை அதன் தலையில் கட்டினார்கள் என்று சொல்லும்போது அவள் குரல் தடித்துவிடும்.

மெரே வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓடை உண்டு. அதற்கு வரைபடத்தில் பெயர் இல்லை. அவள் குடும்பத்துக்குள் மட்டும் ஒரு பெயர் புழங்கியது. அதை ரயிலில் சொல்ல மறுத்துவிட்டாள். ஓடைக்குப் பக்கத்தில் நின்றுதான் சொல்ல வேண்டுமாம். எனக்கு ஆசை தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சாப்பிட்டதும் ஓடைக்குப் போவதாக ஏற்பாடு.

சாம்பார் ஊற்றும்போதே அத்தான் ஆரம்பித்துவிட்டார். பேசியது இங்கிலீஷில்தான், எனக்கு என்னவோ தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

“காவல் மலைங்கறதெல்லாம் உங்க ஆளுங்க பின்னாடி சேர்த்துக்கிட்டதும்மா. மூலம் தமிழ். மவுங்காரெய்னா மாங்கரை. மாமரம் நின்ன கரை.”

ஆக்லாந்துக் குளிரில் மாமரம்! கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடியைப் பிழைக்கவைக்கத் துப்பில்லாத மனிதர்.

மெரே பொறுமையாகச் சிரித்தாள். “எங்களுக்கு அது காவல் மலைதான்.”

“மறந்துட்டீங்க. நாங்க ஞாபகப்படுத்துறோம். இப்ப பாக்கப் போறீங்களே, அந்த ஓடைக்கு என்ன பேரு? சொல்லு, ரெண்டே நிமிஷத்துல தமிழ்ல தர்றேன்.”

மெரே கரண்டியைக் கீழே வைத்தாள். “மொதல்ல வந்தவங்க எங்க பேரைத் தூக்கிட்டு அவங்க பேரை வெச்சாங்க. நீங்க பேரை விட்டுட்டு அர்த்தத்தை எடுத்துக்கறீங்க.” அக்காவிடம் நன்றி சொல்லிவிட்டு, வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

“பாவம், வரலாறு தெரியல” என்று அத்தான் சோற்றில் தயிரை ஊற்றிக்கொண்டார். அந்தத் தயிர்ச் சட்டியை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. நான் கத்தினேன். அக்கா என்னைத்தான் அடக்கினாள். “அவரு வெளையாட்டுக்குச் சொன்னாருடி. இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவாங்க?” அந்த மாதமே பிளாக்ஹவுஸ் பே பகுதியில் ஓர் அறை பார்த்துக்கொண்டு கிளம்பினேன். இன்றுவரை அத்தானோடு பேச்சு அளவோடுதான்.

அந்த விருந்துக்கு மறுநாள் ரயிலில் மெரே வழக்கம்போல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழையைப் பற்றிப் பேசினாள். நான் ஓடையைப் பற்றிக் கேட்டேன்.

“உன்கிட்ட சொல்ல ஆசைதான். ஆனா அது உன் வீட்டுக்குப் போயிடுமே” என்றாள்.

பிறகு மழையைப் பற்றி மட்டும்தான் பேசினோம். கொஞ்ச நாளில் அவள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். மவுங்காரெய் என்ற பெயர் பிரபுவின் பெயரோடு பங்கு போட்டுக்கொண்டு மலையின் பலகைக்குத் திரும்பி வந்தபோது, அதைச் சொல்லிச் சந்தோஷப்பட எனக்கு அவள் இல்லை.

போன மாதம் பாபகூராவில் மெரே இருந்த பக்கம் போனேன். ஓடையைக் குழாய்க்குள் அடைத்து, மேலே வரிசையாக வீடு கட்டியிருக்கிறார்கள். தெருவுக்கு ஏதோ ஓர் ஆங்கிலப் பூவின் பெயர். அடியில் ஓடுகிற தண்ணீருக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. நல்லவேளை, அத்தானுக்கும் தெரியாது.