ரயிலில் கிடைத்த ஜோடிச் சொற்கள்

எனக்கு ஓர் ஊரில் கால் தரிக்காது. ஆறாவதோடு பள்ளியை விட்டவன். எழுபதுகளில் ஒரு நாள், திருவள்ளூர் டீக்கடை வேலையை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேறினேன். அங்கே ஒரு தொழிற்சாலை கேட்டில் காவலுக்கு ஆள் எடுத்தார்கள். வருகிறவர்களுக்கு இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டுமாம். எனக்கு உட்காரவே முடியவில்லை.

பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு ஃபிட்டர், "இன்னா நைனா, பேஜாரா கீற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"இங்கிலீஷ ஜோடி ஜோடியா புடிச்சுக்கோ. டியூட்டிக்கு முன்னால ஆன், ஆன் டியூட்டி. லீவுக்கும் ஆன். ரிப்பேருக்கு அண்டர். ட்ரெயினுக்கு பை."

"லீவுக்கு ஏன்ணா ஆன்?"

"அத்த வெள்ளக்காரன் ஊட்ல போய் கேளு!"

பெட்டியே சிரித்தது.

தொழிற்சாலையில் மானேஜர் கேட்டதற்கெல்லாம் அந்த ஜோடிகளை வைத்தே சமாளித்தேன். கடைசியில், "ஃபாதர்?" என்றார். அப்பா என் சின்ன வயதிலேயே சொல்லாமல் வீட்டை விட்டுப் போனவர். அதற்கு ஃபிட்டர் எதுவும் சொல்லித் தரவில்லை. கையில் இருந்ததில் ஒன்றை எடுத்தேன்.

"ஆன் லீவ், சார்."

"எப்போ வருவாரு?" என்று தமிழில் கேட்டார்.

"தெரியாது சார்."

அவர் பேனாவை மூடினார். "நாளைக்கு வேலைக்கு வந்துடுப்பா."

அங்கேயும் நான் ரொம்ப நாள் தங்கவில்லை. ஆனால் மானேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அதற்கு முன் எந்த ஊரிலும் நான் அப்படிச் செய்ததில்லை.