விளக்கெண்ணெய் ஜாடியும் வாடகை சைக்கிளும்

குதிகால் வெடிப்புக்கு விளக்கெண்ணெய் வாங்கப் போனேன். மருந்துக்கடைக்காரர் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பாட்டிலை நீட்டினார். மூடியைத் திறந்து மோந்தேன், பரீட்சை பயம் வந்துவிட்டது. அறுபதைத் தாண்டியவளுக்கு வரவேண்டிய பயமா இது, சொல்லுங்கள்?

எண்பதுகளின் தொடக்கம், காரைக்காலில் கல்லூரிப் படிப்பு. பிசிக்ஸ் பிராக்டிகலில் கோட்டை விட்டால் வரிச்சிக்குடி மாமா மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். மாமா மகன் நல்லவர்தான், சாப்பிடும்போது மட்டும்தான் பேசமாட்டார்.

சீட்டு எடுத்ததில் எனக்கு வந்தது விளக்கெண்ணெயின் பாகுநிலை. உயரமான கண்ணாடி ஜாடியில் எண்ணெய் இருக்கும். இரும்புக் குண்டைப் போட்டு, இரண்டு கோடுகளுக்கு நடுவே அது இறங்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். எண்ணெய் புத்தம் புதிது. குண்டுகளைத்தான் காணோம். லேப் அட்டெண்டர் கலியமூர்த்தி அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். பழைய எண்ணெயை வீணாக்குவானேன் என்று முதல் நாள் தலத்தெருவில் ஒரு பிள்ளையார் கோயில் விளக்குக்குக் கொடுத்திருக்கிறார், அடியில் கிடந்த குண்டுகளோடு. இப்போது கோயில் நடை சாத்தியிருக்கும்.

“அழுவாத பாப்பா, இரு” என்று வெளியே ஓடினார். கொஞ்ச நேரத்தில் துணியால் துடைத்த குண்டுகள் என் கைக்கு வந்தன. எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

வெளியூர் எக்ஸாமினர் டீ குடித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். “சாமானெல்லாம் நல்லா வச்சிருக்கீங்களே!” அண்ணன் அடக்கமாகத் தலைகுனிந்தார்.

மாலையில் எக்ஸாமினர், பஸ் ஸ்டாண்டில் வாடகைக்கு எடுத்து வந்த சைக்கிளில் ஏறினார். பெடல் கழன்று காலோடு போயிற்று.

“அதோட பேரிங் குண்டு... ஜாடியில கெடக்குங்க சார்” என்றார் அண்ணன்.

எனக்கு மாமா மகனின் குரல் காதிலேயே கேட்டது. மார்க் ஷீட் இன்னும் எக்ஸாமினர் பையில்தான் இருந்தது.

மூவரும் லேபுக்குத் திரும்பி, டீ வடிகட்டியில் எண்ணெயை ஊற்றிக் குண்டு பொறுக்கினோம். முழங்கை வரை பிசுபிசுப்பு. வழுக்கி இறங்கிய எக்ஸாமினரின் மூக்குக் கண்ணாடியை அண்ணன்தான் புறங்கையால் ஏற்றிவிட்டார்.

“யாரு சொல்லி செஞ்சீங்க?”

“பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என் பேர எழுதிக்கிங்க. அது பாஸாவட்டும்.”

பெடலை மாட்டிச் சுற்றிப் பார்த்தார் எக்ஸாமினர். நிற்கவே மாட்டேன் என்று சுற்றியது. “வரும்போதுகூட இப்புடிச் சுத்தல” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். யார் பேரையும் எழுதவில்லை.

நான் பாஸ். பிறகு முப்பது வருஷம் நானே லேப் பார்த்தேன். குண்டுகள் டப்பா டப்பாவாக வந்தன. வாடகை சைக்கிள் கடைகள் போயின, கலியமூர்த்தி அண்ணனும் போய்விட்டார். பரீட்சையில் ஏதோ ஒன்று குறைந்து கைபிசைந்து நின்ற பெண்கள் என் லேபிலும் உண்டு. ரூல்ஸைச் சொல்லி வெளியே அனுப்பினேன். ஒருத்திக்காகக்கூட நான் யார் சைக்கிளிலும் கை வைத்ததில்லை.