அறுபத்தொரு பேர் அழுத்திய பொத்தான்

ஜூன் 2: புதிய தளம் திறப்பு.
ஜூன் 9 வரை உள்ளே வந்தவர்கள்: 11,480.
அவர்களில் பழைய உலாவியில் வந்தவர்கள்: 61.
அந்த 61 பேரிடமிருந்து வந்துசேர்ந்த படிவங்கள்: 0.

கடைசி வரியைக் கவனித்தவர் அந்த ஓய்வூதிய அலுவலகத்தில் ஒரே ஒருவர். இணையத்தளம் எழுதுபவர், எல்லோருக்கும் அக்கா. ஓய்வூதியம் வாங்குவோர் ஆண்டுதோறும் ஜூன் முப்பதுக்குள் தாம் உயிரோடு இருப்பதாகப் படிவம் அனுப்ப வேண்டும். அனுப்பாதவர் ஜூலையில் இறந்தவர் பட்டியலில் ஏறிவிடுவார்.

புதிய உலாவிக்குள்ளேயே பழையதைப் போல நடிக்கும் வசதி ஒன்று உண்டு. அதில் சோதித்துவிட்டுச் சரியென்று கையெழுத்திட்டவர் அக்காதான். மனம் கேட்கவில்லை. வீட்டுப் பரணிலிருந்து பழைய கணினியை இறக்கித் துடைத்தார்.

"அது செத்துப் பத்து வருஷமாச்சு. உங்க ஆபீஸ் லிஸ்ட்ல சேத்துடு" என்றார் கணவர்.

ஆனால் அது உயிர்பெற்றது. அக்கா படிவத்தை நிரப்பி, அனுப்பும் பொத்தானை அழுத்தினார். கல்லைப் போட்ட கிணறாவது சத்தம் போடும். இது அதுவும் இல்லை. அவர் எழுதிய நிரலில் ஒரு வரி புரியாமல் போனதும், பழைய உலாவி மீதி வரிகளையும் கைவிட்டிருந்தது. பிழைச் செய்திகூடக் காட்டவில்லை.

மறுநாள் மேலாளர், அரை சதவீதத்துக்கு இத்தனை பாடா, புதிய உலாவி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

"அவங்க மெஷின்ல புதுசு ஏறாது சார். பட்டன அமுக்கிட்டு, வேலை முடிஞ்சுதுன்னு நிம்மதியா இருப்பாங்க. நல்லா இருக்கறவங்கள நாமளே செத்துட்டாங்கன்னு எழுதப் போறோம். தப்பு என்னோடது."

மேலாளர் மூன்று நாள் கொடுத்தார். நிரல் எதுவும் ஓடாவிட்டாலும் படிவம் தானே போய்ச் சேரும்படி அக்கா மாற்றி எழுதினார். அழகெல்லாம் அதன் மேல் பூசியதுதான். இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் குறைவில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் பரண் கணினியில் அழுத்திப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட்டார். அவர்கள் உள்நுழைந்த ஓய்வூதிய எண்களை வைத்து முகவரி எடுத்து, பிழை எங்களுடையது, மறுபடி அழுத்துங்கள் என்று அறுபத்தொரு கடிதம் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு தாள் படிவத்தையும் வைத்து அனுப்பினார்.

ஜூன் 19-இல் நாற்பத்து நான்கு படிவம் வந்துவிட்டது. 25-இல் அறுபது. மிச்சம் ஒருவர், ஓய்வு பெற்ற மருத்துவமனைத் தாதி. தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. அறுபது போதாதா என்று ஒருவர் கேட்டபோது அக்கா அதே எண்ணை மறுபடி அழைத்தார். அரை சதவீதம் பேசிய மேலாளரே காலையில் வந்ததும் வராததுமாக, "அந்தம்மா என்ன ஆனாங்க?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

தாதியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தாராம். திரும்பி வந்து கடிதத்தைப் பார்த்ததும் தாளை நிரப்பி, ஓரத்தில், "நல்லா இருக்கேன். கேட்டதுக்கு நன்றி" என்று எழுதி அனுப்பியிருந்தார். அது வந்துசேர்ந்தது ஜூன் 29, பிற்பகல் மூன்று பத்து.