நெட்வொர்க் டிரைவில் அம்மா இல்லை

அம்மாவின் வருசத் தெவசத்துக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. வீட்டில் மாட்டியிருந்தது ஆதார் கார்டுப் படத்தைப் பெரிதாக்கியது. அதில் அம்மா யாரிடமோ கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "சிரிச்ச மாதிரி ஒண்ணு போடணும் ஆத்தா. வர்றவுக இந்த மூஞ்சியவா பாத்துட்டுப் போகணும்" என்று அப்பா போனில் சொன்னார். நியாயமான கோரிக்கைதான். லீவு போட்டுப் பள்ளத்தூருக்கு வந்தேன்.

படங்களுக்குப் பஞ்சமே இல்லை. அப்பா அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எது நடந்தாலும் படம் எடுத்து, விசேஷத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்து, ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வைப்பார். கம்ப்யூட்டர் படுத்துவிடும் போலிருந்ததால் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ஒரு நெட்வொர்க் டிரைவ் வாங்கி அனுப்பினான். வைஃபை ரவுட்டர் பக்கத்தில் குந்தியிருக்கும் கறுப்புப் பெட்டி அது. அப்பாவே எல்லாப் படங்களையும் அதில் ஏற்றினார். கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரரிடம் போட்டாயிற்று. இனிமேல் டிவியில் ஒரு ஃபோட்டோ ஆப் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது தம்பியின் ஏற்பாடு.

பார்த்தோம். பெரியப்பாவின் கருமாதி வந்தது. அடுத்து அத்தை வீட்டுத் துக்கம். பக்கத்து வயல்காரர் வேலியைத் தள்ளிப் போட்டதற்கான ஆதாரப் படங்கள். கரண்ட் மீட்டர். மறுபடி ஒரு பதினாறாம் நாள் காரியம். ஆப் இதற்கெல்லாம் தானாகவே உற்சாகமான இசை ஒன்றைப் போட்டது. என் கல்யாணம் இல்லை, தம்பி கல்யாணம் இல்லை, என் குழந்தைக்குக் காது குத்தியது இல்லை. அம்மா இருந்தாள். எல்லா இழவு வீட்டிலும் ஒரு ஓரமாக, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"நாந்தான் ஏத்துறப்ப அழிச்சுப்புட்டேன் போல" என்றார் அப்பா. மத்தியானம் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போய்விட்டார். அம்மா ஒரு முறை போனதே போதும்.

ஆப்பை அழித்துத் திரும்பப் போட்டேன். பெட்டியை அணைத்து மறுபடி ஆன் செய்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் ஆப் பெரியப்பாவைத்தான் முதலில் காட்டியது. ஆப்காரர்களுக்கு எழுதிப் போட்டேன். என் இனிய நினைவுகளைக் காண முடியாததற்கு வருந்துவதாகவும், இணைய இணைப்பைச் சரிபார்க்கும்படியும் பதில் வந்தது. தம்பியைக் கூப்பிட்டேன். "அங்குட்டு வயரைக் கழட்டி மாட்டிப் பாருக்கா" என்றான். கழற்றி மாட்டினேன். பெரியப்பா வந்தார்.

கடைசியில் லேப்டாப்பில் அந்தப் பெட்டிக்கென்று இருக்கும் செட்டிங்ஸைத் திறந்தேன். மறைந்திருப்பதைக் காட்டவா என்று ஒரு கட்டம் கேட்டது. காட்டு என்றேன். எல்லாம் இருந்தன. காணாமல் போன ஒவ்வொரு ஃபோல்டரின் பெயருக்கு முன்னாலும் ஒரு புள்ளி.

"இது என்னப்பா, முன்னாடி புள்ளி வச்சிருக்கீக?"

"பிள்ளையார் சுழி. கீபோர்டுல 'உ' இல்லையே, அதான் புள்ளி."

"அப்ப பெரியப்பா கருமாதிக்கு?"

"கருமாதிக்கு யாராச்சும் சுழி போடுவாகளா?" என்னைப் படிக்க வைத்த செலவு வீண் என்பதுபோலப் பார்த்தார்.

பெயர் புள்ளியில் தொடங்கினால் அதை ஒளித்துவைக்க வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். பழைய கம்ப்யூட்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆக, பெட்டி நல்ல காரியங்களையெல்லாம் பத்திரமாக மறைத்துவிட்டு, இழவுகளையும் வேலித் தகராறையும் மட்டும் ஆப்பிடம் கொடுத்திருக்கிறது. புள்ளிகளை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"பிள்ளையார எடுக்கச் சொல்றியா? ஆப்ப மாத்து" என்றார்.

ஆப்பின் செட்டிங்ஸிலும் அதே மாதிரி ஒரு கட்டம் இருந்தது. டிக் அடித்தேன். படங்கள் ஒவ்வொன்றாக டிவியில் வந்து இறங்கின. நிம்மதியில் எனக்கு அழுகை வந்தது. ஆனால் சிரிக்கிற அம்மா மட்டும் வரவில்லை. என் கல்யாணத்தில் பந்தியை முறைத்துக்கொண்டிருந்தாள். தம்பி கல்யாணத்தில் கண்ணை மூடியிருந்தாள். கேமராவைக் கண்டாலே விறைத்துக்கொள்வது அவள் சுபாவம்.

கடைசி ஃபோல்டரில் இருந்தாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு, கையில் ஊசியும் பிளாஸ்திரியுமாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தின் ஓரத்தை அப்பாவின் விரல் மறைத்திருந்தது. அதைச் சொல்லித்தான் சிரித்திருக்கிறாள்.

"இதுதான்" என்றார் அப்பா.

நான் ஃபோல்டரின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆஸ்பத்திரிக்கு எதுக்குப்பா சுழி போட்டீக?"

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நல்லபடியா வீட்டுக்கு வந்துருவான்னுதான் போட்டேன்" என்றார்.