கட்டை போடாத தேர்

சங்கிலிப்பாண்டியின் வலது கை விளங்காமல் போகவேண்டும் என்று மாரியம்மனிடம் நான் வேண்டிக்கொண்டது உண்டு. நல்லவேளை, அம்மன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் வேண்டியதையெல்லாம் நடத்திக் கொடுத்திருந்தால் ராஜபாளையத்தில் பாதிப் பேர் கை கால் இல்லாமல்தான் திரிந்திருப்பார்கள். இன்றைக்கு அந்தக் கையில் ஒரு முள் குத்தினாலும் எனக்கு மனசு தாங்காது. இடையில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

சங்கிலிப்பாண்டிக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். எங்கள் ஊர் நூல் மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பிரிவில் வேலை. என் வீட்டுக்காரர் மாரிச்சாமிக்குப் பக்கத்து மிஷின். ஷிஃப்ட் முடிந்ததும் தலையில் படிந்த பஞ்சைத் தட்டிவிட்டு, பெயின்ட் டப்பாவோடு சங்க ஆபீசுக்குப் போய்விடுவான். கொடி, தட்டி, சுவர் எல்லாம் அவன் கைவேலைதான். சங்கத்திடம் கூலி வாங்கமாட்டான். பிரஷ்ஷைத் துடைக்கத் துணி தேடமாட்டான், போட்டிருக்கும் பனியனிலேயே துடைத்துக்கொள்வான். எந்த நிறத்தில் வேலை நடக்கிறது என்று அவன் வயிற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். பேச்சு குறைவு. ஆனால் ஒரு ஆளை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், மூக்கும் முழியுமாக அந்த ஆள் சுவரில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

எண்பத்தேழில் மில்லில் ஸ்டிரைக் வந்தது. சங்கச் செயலாளர் பொன்னுராஜ் சின்ன வயதிலேயே பம்பாய்க்குப் போய், அங்கே மில்லில் வளர்ந்து, வேலை போன பிறகு ஊர் திரும்பியவர். "இது ஸ்டிரைக் இல்ல தோழர்களே, புரட்சி" என்பார். சும்மா வாய்ச்சொல் இல்லை. மாதக்கணக்கில் மில் கேட்டுக்கு எதிரே சாக்கை விரித்துப் படுத்துக் கிடந்தார். கஞ்சித் தொட்டியில் எல்லோரும் குடித்த பிறகுதான் அவர் குடிப்பார். அந்த மனுஷனைக் குறை சொல்ல எனக்கு அப்போதும் மனசு வரவில்லை, இப்போதும் வரவில்லை.

நாலாவது மாதம் எங்கள் மகள் ரத்தினத்துக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் போட்டிருந்தோம். சங்கத்திலும் நிதி வற்றிப்போன சமயம். மாரிச்சாமி ஒரு பகல் முழுக்க ஆஸ்பத்திரி மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள், ஸ்டிரைக்கை மீறி வேலைக்குப் போகிறவர்களை ஏற்றப் போலீஸ் காவலோடு வந்த வேனில் ஏறி மில்லுக்குள் போனார். பிள்ளை எழுந்து உட்கார்ந்ததும் வெளியே வந்துவிட்டார். பிறகு போகவே இல்லை. ஆனால் போனவர் போனவர்தானே.

ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், மில் கேட்டுக்கு எதிரே சுவரில் ஒரு படம். பெரிய கோடாலி, அதன் காம்பாக என் வீட்டுக்காரர். கை கால்களை ஒட்டி வைத்து, விறைப்பாக, முகம் மட்டும் அச்சு அசலாக. கீழே ஒரு எழுத்து இல்லை. எழுத என்ன இருக்கிறது? சொந்த இனத்தையே வெட்டக் காம்பாகிப்போனவன் என்று சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும். ரத்தினத்தைப் பள்ளிக்கூடத்தில் "காம்பு மக" என்று கூப்பிட்டார்கள். அன்றைக்குத்தான் மாரியம்மனிடம் அந்தக் கையைப் பற்றிப் பேசினேன்.

ஸ்டிரைக் ஜெயித்தது. பஞ்சப்படி கூடியது, தற்காலிகம் எல்லாம் நிரந்தரம் ஆனது. கூடவே சங்கம் இரண்டு முடிவு எடுத்தது. உள்ளே போனவனுக்கு மில்லில் இனி வேலை இல்லை. அவனோடு எவரும் பேசக்கூடாது, அவன் கேட்டாலும் பதில் சொல்லக்கூடாது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. புரட்சி செய்து முடித்தவர்களுக்குத் தண்டனை என்று யோசிக்கும்போது, ஊர் நாட்டாமை ஆகாதவனைத் தள்ளிவைக்கிற அதே பழைய தண்டனைதான் கிடைத்தது போலிருக்கிறது.

சிரித்தேனே தவிர, தாங்க முடியவில்லை. மாரிச்சாமி வன்னியம்பட்டிப் பக்கம் காட்டுவேலைக்குப் போனார். நான் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கச் சேர்ந்தேன். கஞ்சிக்குக் குறைவில்லை. ஆனால் கூடவே வேலை செய்தவர்கள் எதிரே வந்து, இவர் நின்ற இடத்தில் ஒரு கம்பம் நிற்கிறது என்பதுபோல விலகிப் போவார்கள். கொஞ்ச நாளில் இவர் வீட்டிலும் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் கேட்டதற்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். புருஷன் இருக்கும்போதே புருஷனைத் தேடுகிற கஷ்டம் என் விரோதிக்கும் வேண்டாம்.

மே தினத்தன்று வெற்றிவிழா நடத்தச் சங்கம் ஏற்பாடு செய்தது. ஆபீஸ் சுவரில் பெரிய படம் வேண்டும்: புரட்சி ஒரு தேர், தேர்மேல் கொடியோடு செயலாளர், வடம் பிடித்துத் தொழிலாளர் கூட்டம். பொன்னுராஜே யோசித்துச் சொன்னது. வரைகிற பொறுப்பு சங்கிலிப்பாண்டிக்கு.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் அவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது.

"ஏலே, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வந்த? வரையதுக்கு இன்னும் என்ன மிச்சம்? எங்க ரத்தினத்த வரையப் போறியா?"

வாயைத் திறக்கவில்லை. சங்கம் பேசாதே என்றால் அவன் பேசமாட்டான், அப்படி ஒரு சங்கத்துக்காரன். நான் என்னென்ன திட்டினேனோ, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, துவைகல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்தான். அங்கே மாரிச்சாமியின் தூக்குவாளி கவிழ்த்திருந்தது. ஒரு பக்கம் நசுங்கி, பிடி உடைந்து செப்புக்கம்பியால் கட்டியது. அதை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நசுங்கலைக் கட்டைவிரலால் தடவினான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்து, பாத்திரம் கழுவிய தண்ணீரை அவன்மேல் ஊற்றிவிட்டேன். வாளியைப் பக்குவமாகக் கல்லில் வைத்துவிட்டு, சொட்டச் சொட்டப் போய்விட்டான்.

மே தினமும் வந்தது. எங்கள் பேண்டேஜ் கம்பெனிக்கு மே தினமெல்லாம் தெரியாது. வேலை முடிந்து வரும்போது சங்க ஆபீஸ் முன்னால் பெருங்கூட்டம். படத்தை மறைத்துத் துணி கட்டியிருந்தார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கடை ஓரத்தில் நான் நின்றுகொண்டேன். வேட்டுப் போட்டார்கள். பொன்னுராஜ் துணியை இழுத்தார்.

என்ன அழகு என்கிறீர்கள்! திட்டிய வாயாலேயே சொல்கிறேன், கண்ணை எடுக்க முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரையே கொண்டுவந்து நிறுத்தியதுபோல அத்தனை உயரம். தேரைச் சுற்றிய சீலையெல்லாம் சிவப்பு. உச்சியில் கொடியோடு பொன்னுராஜ். அவருடைய மூக்கைக்கூடக் கொஞ்சம் எடுப்பாக்கியிருந்தான். கீழே வடம் பிடித்து நூற்றுக்கணக்கான பேர். பொன்னுராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சங்கிலிப்பாண்டியைக் கூப்பிட்டுச் சிவப்புத் துண்டு போர்த்தி, மைக்கைப் பிடித்துச் சொன்னார்.

"பாத்தீங்களா தோழர்களே, இதுதான் நம்ம புரட்சி. எவனாலயும் நிறுத்த முடியாத தேரு!"

கைதட்டல் எழும்பப் பார்த்து அப்படியே அடங்கிவிட்டது. எல்லோருடைய கண்ணும் உச்சியிலிருந்து மெல்லக் கீழே இறங்கிச் சக்கரத்தில் வந்து நின்றது.

எங்கள் பக்கத்தில் தேர் தெரியாத ஆள் இல்லை. வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும், தேர் அவர்கள் கையில் இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி, சறுக்குக்கட்டையோடு கூடவே வருவார்களே, அந்த நாலைந்து பேர் கையில்தான் இருக்கிறது. வேகம் கூடினால் சக்கரத்தடியில் கட்டையைப் போட்டு மட்டுப்படுத்துவார்கள். தெருமுக்கில் திருப்புவார்கள். ஆள் விழுந்துவிட்டால் நிறுத்துவார்கள். அவர்கள் இல்லாமல் தேரை நகர்த்த எவருக்கும் துணிச்சல் வராது. சங்கிலிப்பாண்டியின் அப்பா அந்த வேலை பார்த்தவர். பம்பாயில் வளர்ந்த பொன்னுராஜுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை.

படத்தில் அந்த நாலைந்து பேர் இல்லை. சக்கரம் உருள்கிறது, சக்கரத்துக்கு முன்னால், தரையில், ஒரு தூக்குவாளி கிடக்கிறது.

வன்னியம்பட்டிக்காரர் கருத்தப்பாண்டி, மில்லில் மூத்த ஆள், கூட்டத்திலிருந்து கேட்டார். "தோழர், கட்டை போடுறவன எங்க?"

"என்ன கட்டை?" என்றார் பொன்னுராஜ்.

"தேர நிறுத்துறவன். ஒருத்தனையும் காணுமே. அந்தா கெடக்கு பாருங்க, அது நம்ம மாரிச்சாமி தூக்குவாளில்லா? எம்புட்டு வருசம் அவன்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

என் வாசலில் அவன் வாளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. டீக்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கேயே விசாரணை ஆரம்பித்துவிட்டது. மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை, தெருவே கேட்டது.

"இது புரட்சிக்கு எதிரான படம்" என்றார் பொன்னுராஜ். குரலில் கோபத்தைவிட வருத்தம் கூடுதலாக இருந்தது. "ஒன்ன வரையச் சொன்னது யாரு? முதலாளியா?"

சங்கிலிப்பாண்டி அத்தனை நீளமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "கட்டை போடுறவன் தேருக்கு எதிரியா தோழர்? எங்கய்யா கடைசி மட்டும் அந்த வேலதான் பாத்தாரு. தேரு நல்லபடியா நெலைக்கு வரணும்னு அவரவிட நெனச்சவன் எவன்?"

"அப்பம் அவிய எல்லாரையும் ஏன் வரையல?"

"நம்ம சங்கத்துல அப்பிடி ஒரு ஆளு இல்லியே. இல்லாத ஆள நான் எப்பிடி வரைய? நீங்க நிறுத்துங்க, வரையிறேன்."

"அழிச்சிரு."

"அது மட்டும் முடியாது தோழர். அந்தக் கோடாலிய வரஞ்ச நாள்லருந்து எனக்குச் சோறு எறங்கல. இத அழிச்சா பொறவு பிரஷ்ஷத் தொட மாட்டேன்."

முடிவைப் படித்தார்கள். படத்தை மறுநாள் காலையில் வெள்ளையடிப்பது. சங்கிலிப்பாண்டியோடும் இனி யாரும் பேசக்கூடாது. போர்த்திய துண்டை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு அவன் இறங்கிப் போனான். சங்கம்தான் அவனுக்கு வீடு, சொந்தம் எல்லாம். எங்களுக்காக அதை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறான் என்று நினைத்ததும், அதுவரை அவனைத் திட்டிய வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். அழத்தான் முடிந்தது.

மறுநாள் காலையில் பால் வாங்க வந்தேன். முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களால் டீக்கடை நிரம்பியிருந்தது. மாரிச்சாமி வழக்கம்போல ஒதுங்கி, மின்கம்பத்தடியில் பஸ்ஸுக்கு நின்றார். சங்கிலிப்பாண்டி வந்தான். ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு, அவனும் கம்பத்தடிக்குப் போய் மாரிச்சாமி பக்கத்தில் நின்றுகொண்டான். அப்போதும் அவரோடு பேசவில்லை! தன்னைத் தள்ளிவைத்த பிறகும் சங்கத்தின் முடிவை மீறாத அந்தப் பைத்தியக்காரனைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பொன்னுராஜ் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். வேறு யாரையும் விடாமல் தானே அடிக்கப் போகிறார் போல. படத்துக்கு முன்னால் போய் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். மில் சங்கு ஊதியது, ஒருவரும் உள்ளே போகவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி நேரே கம்பத்தடிக்கு வந்தார்.

"சங்கிலி, கட்டை போடுறவன் சக்கரத்துக்கு எந்தப் பக்கம் நிப்பான்?"

சங்கிலிப்பாண்டி அவரையே பார்த்தான். "நான் பேசலாமா தோழர்?"

"பேசு" என்றார் பொன்னுராஜ்.

 சங்கிலிப்பாண்டி பக்கத்தில் நின்ற மாரிச்சாமியைக் கையால் காட்டி, "அப்ப இவரு?" என்றான்.

 பொன்னுராஜ் தலையைக் குனிந்தார். பிறகு நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"மாரிச்சாமி, டீ சாப்பிட்டியா?"

இவருக்கு உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். "இன்னும் இல்ல தோழர்" என்றார். கருத்தப்பாண்டி ஓடிவந்து இவரைத் தோளோடு சேர்த்து இழுத்துக்கொண்டு கடைக்குள் போனார்.

பொதுக்குழு கூடியது, தடையை எடுத்தது, மில்லில் மறுபடி சேர்த்தது எல்லாம் பிறகு முறைப்படி நடந்தன. பொன்னுராஜுக்கும் நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவள். வந்த தேரை நிறுத்திய மனுஷன் அவர். ஆனால் அந்தக் காலையில் என் கண்ணில் பட்டது, கடை நிறைய ஆள் சூழ்ந்திருக்க, கம்பத்தடியில் தனியாக நின்று பனியனில் கையைத் துடைத்துக்கொண்டிருந்த சங்கிலிப்பாண்டிதான். என் புருஷனை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அது தெரியாதவன்போல நின்றான். பால் செம்போடு ரோட்டைத் தாண்டி அவன் முன்னால் போய் நின்றேன். திட்டு விழப்போகிறது என்று நினைத்தானோ என்னவோ, ஒரு எட்டுப் பின்னால் வைத்தான்.

"கொழுந்தனாரே, மத்தியானம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்றேன்.

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வாரேன் மதினி" என்றான்.